கோழிக் கடைக்காரனின் கோழி

நான் கோழி அறுக்கிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வாசித்துவிட்டு யாரும் என்னை இளகிய மனசுக்காரன் என்று பட்டம் கட்ட வேண்டாம். கற்பிட்டியில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கிட்ட என் கடை. விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து கதவைத் திறந்தால் லொறியில் புறொயிலர் கோழி வந்து இறங்கும். பின்னேரம் கூடு காலியாகிவிடும். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இதுதான் தொழில். இந்தக் கையால் அறுத்ததையெல்லாம் அடுக்கினால் எங்கள் ஊர்க் கோட்டை மதிலுக்கு மேலே போகும். அதற்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

அதே நான்தான் ஒரு புறொயிலர் கோழியை இரண்டு வருஷத்துக்கு மேல் வளர்த்தேன். அதற்கும் வெட்கப்படவில்லை. ஊர் சிரித்தது. பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட, "பேத்தி சுகமா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். சுகம் என்று சொல்லிவிட்டு, கைகால் கழுவி ஒழு எடுக்கப் போவேன். வேறென்ன சொல்வது?

புறொயிலர் என்பது இறைச்சிக்கென்றே உண்டாக்கிய சாதி. குஞ்சு பொரித்து ஒன்றரை மாதத்தில் அறுக்கிற நிறைக்கு வந்துவிடும். அதற்கு மேல் அது எப்படி இருக்கும், எத்தனை காலம் இருக்கும் என்று கேட்டால் கோழிப்பண்ணைக்காரனுக்கே தெரியாது. யாரும் அதற்கு மேல் விட்டுப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வராமல் இருந்தால் பார்த்திருக்கவும் மாட்டேன்.

அன்றைக்கு ஜும்ஆவுக்கு முன் கடையைப் பூட்ட அவசரப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் கருவாட்டுக்காரி வந்து சேர்ந்தாள். கடற்கரையில் கருவாடு காயப்போட்டு விற்கிற வேதக்காரப் பெண். நல்ல மனுஷி, அண்ணன் முறைக்கு என்னை நானா என்பாள், ஆனால் வாய் ஓயாது. என் தராசை அவள் நம்ப மாட்டாள். கூட்டுக்குள் கையை விட்டு ஒவ்வொரு கோழியாகத் தூக்கிப் பார்த்துத்தான் எடுப்பாள். சிலாபத்தில் இருந்து கொழுந்தன் குடும்பம் வந்திருக்கிறதாம். கிடந்ததில் பாரமான ஒரு வெள்ளைப் பேட்டைத் தூக்கித் தந்து, கெதியாய் வெட்டச் சொன்னாள்.

என் கடையில் கூட்டுக்கும் அறுக்கிற இடத்துக்கும் நடுவில் திரையாக ஒரு படங்கு தொங்கும். ஒன்றின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது. கத்தியையும் அதன் முன்னால் தீட்டக் கூடாது. இதில் நான் கண்டிப்பு. படங்குக்குப் பின்னால் போய், கோழியைப் பிடித்து, தொழுகிற திசையான கிப்லாவுக்குத் திரும்பி, பிஸ்மி சொல்லி, கத்தியைக் கழுத்தில் வைத்தேன். அந்த நேரம் வேதக்காரரின் கோயிலில் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. படங்குக்கு அந்தப் பக்கம் அவளுடைய பேச்சு டக்கென்று நின்றது.

"நானா, நிப்பாட்டுங்க. இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"ஓம், வெள்ளிதான். நானும் ஜும்ஆவுக்குப் போகணும், அதாலதான் அவசரப்படுறன்" என்றேன்.

"அதில்ல நானா. இது தபசு வெள்ளி. எங்களுக்கு இறைச்சி ஏலாது. இதக் கொண்டு போனா எங்கட மாமி என்னை அறுத்துருவா."

தபசு காலம் என்பது பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முன்னால் அவர்கள் பிடிக்கிற நோன்புக் காலம். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமையில் இறைச்சி தொட மாட்டார்கள். விருந்தாள் வந்த பரபரப்பில் மறந்துவிட்டாள். கத்தி கழுத்தில்தான் இருந்தது. இரண்டு இறகு அறுந்து என் விரலில் ஒட்டியிருந்தது, தோல் அறுபடவில்லை. கையை எடுத்தேன். வந்த கோபத்துக்கு அவளை நன்றாக ஏசியிருப்பேன். பள்ளிக்குப் போகிற நேரத்தில் வாயைக் கெடுக்க வேண்டாமென்று விட்டேன். கோழியை அப்படியே நிலத்தில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திப் போனேன்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தால் அது படங்குக்குக் கீழால் நுழைந்து வெளியே வந்து என் கதிரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. புறொயிலர் அப்படி எழும்பி நடக்கிற சாதி இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து அதையே காட்டி, அந்தப் பெரிசைத் தாங்க என்றார். தூக்கினேன். கிப்லாவுக்குத் திரும்பினேன். வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. ஒரு தரம் அல்லாஹ்வின் பேரை இதன் மேல் சொல்லியாயிற்று. சொன்ன பிறகும் இது எழும்பி நடந்துவிட்டது. இன்னொரு தரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தவருக்கு வேறு கோழி அறுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

மௌலவியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியொரு சட்டமே இல்லை, தாராளமாக அறுக்கலாம் என்றார். எனக்கும் தெரியும், சட்டம் இல்லைதான். சட்டம் இல்லாத இடத்தில் எனக்கு ஒரு விருப்பம் இருக்கக் கூடாதா? அது அறுபடாது என்று அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "முன்னால அறுக்கிற, பின்னால வளக்கிற. ஒங்களுக்கு என்ன புடிச்சீக்கிது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் வைத்திருந்தவன் மச்சினன். மனைவியின் தம்பி. என் கடையோடு ஒட்டினதுபோல் அவனுடைய தேநீர்க் கடை, நடுவில் ஒரே சுவர். கற்பிட்டியில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவனுடைய கடையில் அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். அங்கே என் கோழி வாய்க்கு அவலாகிவிட்டது. அவன் கேலி செய்யவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நல்ல புத்தி சொல்கிறவன்போல் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், இது புறொயிலர். ஒரு மாசத்துல நெஞ்சடச்சி மௌத்தாப் போவும். தன்பாட்டுல செத்தா ஹறாம், ஒருத்தருக்கும் ஒதவாது. இப்ப அறுத்தா ஹலாலாச்சும் மிஞ்சும்."

அவன் சொன்னதில் பிழை கிடையாது. தானாகச் செத்த கோழியை நாங்கள் தின்ன முடியாது, குப்பைக்குத்தான் போகும். அதனால் எங்கள் ஆட்கள் ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டாலே கத்தியைத் தேடுவார்கள். சாவு வந்து சேர்வதற்குள் நாங்கள் கத்தியோடு போய்ச் சேர வேண்டும், அதுதான் கணக்கு. அன்றிலிருந்து அந்தக் கோழி கொஞ்சம் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் போதும், தேநீர்க் கடையில் இருந்து ஒரு குரல் வரும், மச்சான், நேரம் வந்துட்டுது என்று. வெயிலில் எல்லாக் கோழியும் அப்படித்தான் மூச்சு வாங்கும் என்று நான் கத்துவேன். ஒரு நாள் நான் புத்தளத்துக்குப் போன நேரம் அவனே கத்தியோடு வந்துவிட்டான். மனைவி வாசலில் நின்று, கத்தியை உள்ளே கொண்டுவந்தால் பிறகு பாண் வாங்கக்கூட உன் கடைக்கு வர மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். அது மூச்சு வாங்கியதெல்லாம் வெயிலுக்குத்தானாம், தண்ணீர் தெளித்ததும் எழும்பிவிட்டதாம். அன்றைக்குத்தான் அவள் அதை முதன்முதலில் "அவ" என்று சொன்னாள். எனக்கும் அதற்குப் பிறகு "அது" என்று சொல்ல வரவில்லை.

அரசாங்க மிருக வைத்தியர் ஒருவர் அந்தக் காலத்தில் மாதத்துக்கு ஒரு தரம் கடைகளைப் பார்க்க வருவார். சிங்கள மனிதர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவரிடம் காட்டினேன். சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார், காலைப் பிடித்துப் பார்த்தார். உடம்பு வளர்கிற வேகத்துக்கு இதயமும் எலும்பும் வளர்வதில்லை, சாவு அங்கேயிருந்துதான் வரும் என்றார்.

"இதுக்குப் பசி அடங்காது. கேக்கிற மாதிரி குடுத்தா கொஞ்ச நாள்ல செத்துப் போகும். பசியோட வெச்சாத்தான் வருசம் போகும்."

எத்தனை வருஷம் என்று கேட்டேன். அளவாகத் தீன் கொடுத்து வைத்தவர்கள் மூன்று நான்கு வருஷம்கூட வைத்திருப்பதாகக் கேள்வி, ஆனால் இந்தப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை என்றார். "அப்ப நான் வெச்சுப் பாக்கிறன் டொக்டர் மாத்தயா" என்றேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. காலையில் ஒரு சிரட்டை தீன், பின்னேரம் அரைச் சிரட்டை, நடுவில் கொஞ்சம் கீரை. அவ்வளவுதான். அவள் அதை மூச்சு விடாமல் விழுங்கிவிட்டு, சிரட்டையைப் புரட்டிப் பார்த்து, என் காலைக் கொத்துவாள். பசி அவளுக்கு வயிற்றில் இல்லை, பிறப்பில் இருந்தது. மனிதன் அவளுக்குள் வைத்த பசி. எனக்கு அந்த மனிதன் மேல் வந்த கோபம் சொல்ல முடியாது. தீனை முற்றத்தின் ஒரு மூலையிலும் தண்ணீரை மற்ற மூலையிலும் வைத்தேன், நடக்கட்டும் என்று. பெரிய மனுஷி மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து சரிந்து மணலில் நடப்பாள். அந்த நடையைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏன் மறைக்க வேண்டும்? கடையில் ஆள் இல்லாத நேரம் பின்னால் போய் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் றமழான் நோன்பு வந்தது. வீடு முழுக்கப் பட்டினி, இவளும் முற்றத்தில் கிடந்து கத்தினாள். எங்களுக்கு வருஷத்தில் ஒரு மாதம், இவளுக்கு வருஷம் முழுக்க நோன்பு என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு, என் மனம் இளகிவிடும் என்று தீன் சாக்கைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திறப்பு அவளுடைய முந்தானையில். முதல் நாள் என்னை ஏசியவள்தான் அவள்.

அப்படியிருந்தும் கோழி நிறை வைத்தது. கால் வளையத் தொடங்கியது. எனக்கு விளங்கவில்லை. பெருநாள் கழிந்து ஒரு நாள் பகலில் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். பின்வேலிக்கு மேலால் ஒரு கை நீள்கிறது. கை நிறையப் பாண் துண்டு. எட்டிப் பிடித்தேன். மச்சினன்.

"நீதானே அறு அறு எண்டு நிண்ட? இப்ப என்னத்துக்கு ஊட்டுற?" என்று கேட்டேன். கொழுக்கவைத்து அறுக்கப் பார்க்கிறானோ என்றுதான் நினைத்தேன். அவன் கையை உதறிக்கொண்டான்.

"அறுக்கிறது வேற மச்சான், பட்டினி போடுறது வேற. அது கத்துறதக் கேட்டுக்கிட்டு எனக்கு டீ ஆத்த ஏலாது."

 அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். கொல்லப் பார்த்தவனுக்கு இரக்கம், காப்பாற்றப் பார்த்தவன் பட்டினி போடுகிறவன். வைத்தியர் சொன்னதை மூன்று தரம் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். கடைசியில், கீரை மட்டும் போடட்டுமா என்று கேட்டான். கீரை போடு என்றேன். பிறகு ஒவ்வொரு நாளும் அவனுடைய கடையில் வல்லாரைச் சம்பலுக்கு ஆய்ந்த காம்பெல்லாம் வேலிக்கு மேலால் வந்து விழுந்தது. ஆனால் அறுக்கச் சொல்வதை மட்டும் அவன் விடவில்லை. அது வேறு, இது வேறு.

இதற்கிடையில், பாஸ்கு முடிந்த கையோடு கருவாட்டுக்காரி வந்து, தான் எடுத்து வைத்த கோழியைக் கேட்டாள். பின்னால் கூட்டிப் போய்க் காட்டினேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. தன்னால் தப்பிய உயிர் என்று ஒரு உரிமை அவளுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கடைக்கு வந்தால் முதலில் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கோழி வாங்குவாள். அதே வாயால், நல்ல பாரமாக ஒன்று தாங்க நானா என்பாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். அதில் என்ன பொய் இருக்கிறது?

அந்த வருஷம் தெற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று அடித்து ஓய்கிற காலத்தில் அவள் முட்டை போட்டாள். மணலில் ஒரு கபில நிற முட்டை. நான் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். இத்தனை வருஷம் புறொயிலர் விற்கிறேன், புறொயிலர் முட்டையைக் கண்டதில்லை. போடுகிற வயதுக்கு எதுவுமே வந்ததில்லையே! தேநீர்க் கடையில் பெரிய வாக்குவாதம். புறொயிலருக்கு முட்டைப்பையே கிடையாது என்றார் ஒருவர். நாட்டுக்கோழி முட்டையை நான் வைத்துவிட்டுக் கதை விடுகிறேன் என்றார் இன்னொருவர். அப்படியென்றால் இந்தச் சாதிக் குஞ்சு வானத்தில் இருந்தா விழுகிறது என்று கேட்டேன்.  மச்சினன் அந்த முட்டையை வாங்கி, ஒரு கிளாசுக்குள் வைத்து, வருகிறவர் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். தின்னவும் விடவில்லை, திருப்பித் தரவும் இல்லை. மணக்கத் தொடங்கிய பிறகுதான் எறிந்தான்.

இப்படி ஒரு வருஷம் போயிற்று, அடுத்ததும் போயிற்று. ஒரு மாதத்தில் சாகும் என்றவர்கள், அடுத்த மாதம் என்றார்கள், பிறகு இந்த வெயிலுக்குத் தாங்காது என்றார்கள், பிறகு பேச்சை மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் பின்கதவைத் திறக்கும்போது முதலில் அவள் கிடக்கிற மூலையைத்தான் பார்ப்பேன். அவள் எழும்பி வந்து காலைக் கொத்தினால், அன்றைக்கு ஊரை ஜெயித்தேன் என்று கடைக்குப் போவேன்.

மூன்றாவது நோன்பில் அவளுக்கு முடியாமல் போயிற்று. வெயில் காலம், காற்றும் இல்லை. கொண்டை கறுத்து நீலம் பூத்தது. இரண்டு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். வைத்தியருக்குப் போன் எடுத்தேன். இதயம் களைத்துவிட்டது, நிழலில் வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், இனி மருந்து இல்லை என்றார். தீனைச் சிரட்டை நிறைய வைத்தேன். அவள் பார்த்தாள், கொத்தவில்லை. அந்தப் பசி நின்றபோது எனக்கு அழுகை வந்தது.

பெருநாளுக்கு முதல் நாள். கோழிக் கடைக்காரனுக்கு வருஷத்தில் அதைவிடப் பெரிய நாள் இல்லை. கடை வாசலில் இருந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வரிசை. பின்னேரத்து அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் மனைவி பின்கதவில் வந்து நின்று, இங்கே வாருங்கள் என்றாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. கத்தியை வைத்துவிட்டுப் போனேன். முருங்கை நிழலில், பெருநாளுக்கென்று எங்களுக்குக் கருவாடு கொண்டுவந்த கருவாட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மடியில் கோழி. வாய் திறந்தபடி, மெதுவாக மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது.

செய்தி சுவருக்கு அந்தப் பக்கம் போக எவ்வளவு நேரம்? மச்சினன் கடைக்குள்ளால் ஓடிவந்தான். வரும்போதே என் மேசையில் கிடந்த கத்தியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினான். அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் பத்துப் பேர்.

"மச்சான், இன்னம் உசிர் ஈக்கிது. இப்ப அறுத்தா ஹலால். நாளைக்குப் பெருநாள், ஒரு ஏழைக் குடும்பம் திங்கும். சும்மா மண்ணுக்குக் குடுக்காதீங்க."

பின்னால் நின்றவர்களும் ஆமோதித்தார்கள். நேரம் போகிறது, சீக்கிரம் அறுங்கள் என்று ஒருவர் சொன்னார். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஏழைக்கு என்ற சொல்லுக்கு முன்னால் நான் என்ன சொல்ல முடியும்? கத்தியை வாங்கினேன். மடியில் கிடந்தவளைப் பார்த்தேன். வலியில் துடித்திருந்தால் நானே அறுத்திருப்பேன், அது சத்தியம். துடிக்கவில்லை. களைத்துப்போய் நித்திரைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"ஏழைக்கு என்ட கூட்டுல எது பெரிசோ அத எடு, அறுத்துத் தாறன். ரெண்டு எடு" என்றேன். "இது அறுபடாது."

"செத்துப் போவும் மச்சான்."

"ஓம். சாகட்டும். தன்ட சாவு சாகட்டும்."

கத்தியை வேலியில் செருகிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். கடையைத் திறந்து வைத்திருக்கிறீர்களா, பூட்டிவிட்டீர்களா என்று யாரோ கேட்டார். நிற்கிறவர் நிற்கலாம், போகிறவர் போகலாம் என்றேன். கோப்பையில் தண்ணீர் எடுத்து விரலால் தொட்டு அவளுடைய சொண்டில் விட்டேன். முதல் துளியைக் குடித்தாள். இரண்டாவதையும் குடித்தாள். மூன்றாவது துளி சொண்டின் ஓரத்தால் வழிந்து கருவாட்டுக்காரியின் சேலையில் விழுந்தது. அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மனைவி, சாவுக்குச் சொல்கிற இன்னாலில்லாஹியைச் சொன்னாள். கோழிக்குச் சொல்லலாமா என்று யாரும் கேட்கவில்லை.

குழி வெட்ட மண்வெட்டி எடுத்தது மச்சினன்தான். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே, நாய் கிளறாத ஆழத்துக்கு வெட்டினான். நான் கேட்காமலே அவளை ஒரு பழைய சாரத் துண்டில் சுற்றித் தந்தான். மண்ணை மூடி, காலால் மிதித்து, மண்வெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"வீணாப் போச்சி மச்சான்."

"ஓம், வீணாத்தான் போச்சி" என்றேன். "எத்தினை ஆயிரம் ஒதவியிருக்கும்? ஒண்டு ஒருத்தருக்கும் ஒதவாமப் போகட்டும்."

 அவன் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அலுமினியக் கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். நோன்பு நாளில் அவனுடைய கடையில் அடுப்பே எரியவில்லை.

நான் கையைக் கழுவிவிட்டு, வேலியில் இருந்த கத்தியையும் கழுவி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வரிசை அப்படியே நின்றது, ஒருவர்கூடப் போகவில்லை. முதலில் ஏழைக்கென்று சொன்ன இரண்டையும் எடுத்தேன், கூட்டில் இருந்ததிலேயே பெரியது இரண்டு. படங்கை இழுத்து மூடினேன். கிப்லாவுக்குத் திரும்பி வாயைத் திறந்தேன். சொல் வந்தது. அறுத்தேன்.